பழுப்பு எங்கிருந்து தொடங்குகிறது? கொல்லையில் நிற்கும் ஊசியிலை மரங்களைப் பார்த்துக்கொள்வது பற்றி

ஊசியிலை மரத்துக்கு உடம்பு சரியில்லை என்பது நம் கண்ணில் படுவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். அகன்ற இலை மரங்கள் தண்ணீர் குறைந்த சில நாட்களிலேயே இலையைத் தொங்கப்போட்டு நம்மைக் கூப்பிட்டுவிடும். ஸ்ப்ரூஸ், பைன், துஜா, ஜூனிபர் எதுவும் அப்படிக் கூப்பிடாது. ஊசியின் மேல் மெழுகுப் பூச்சு, அதன் கீழ் தடித்த தோல். உள்ளே இருக்கும் ஈரத்தை அவ்வளவு லேசில் விடாது. வெட்டிச் சாய்த்த மரமே வாரக்கணக்கில் பச்சையாகக் கிடக்கும். வேர் செத்த மரமும் அதே மாதிரி பச்சையாக நின்றுகொண்டிருக்கும். ஆகவே இன்று தெரியும் பழுப்புக்குக் காரணம் பெரும்பாலும் போன பருவத்தில் இருக்கிறது. சில நேரம் அதற்கும் முந்தைய வருடத்தில்.

எங்கள் கொல்லையில் வேலியோரம் நீல ஸ்ப்ரூஸ் ஒரு வரிசை, மூலையில் பைன் மரங்கள், பக்கத்து வீட்டு எல்லையில் துஜா வேலி. எல்லாம் நாங்கள் குடிவருமுன்பே நட்டவை. அவற்றில் சில பிழைத்தன, சில போய்விட்டன. இரண்டிலிருந்தும் நான் கற்றது ஒன்றுதான். நிறத்தை மட்டும் வைத்து நோயைச் சொல்ல முடியாது. பூஞ்சை, வறட்சி, சிலந்திப்பேன், உப்பு, களைக்கொல்லி என எது தாக்கினாலும் ஊசி கடைசியில் அதே பழுப்புக்குத்தான் வரும். பழுப்பு மரத்தில் எந்த இடத்தில் தொடங்கியது, எந்த வயது ஊசியில் வந்தது, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, எந்த மாதத்தில் தெரிந்தது என்ற நான்கையும் கவனித்தால் பாதி விடை வந்துவிடும். மருந்துக்கடைக்கு ஓடுவதெல்லாம் அப்புறம்.

பயப்படத் தேவையில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். என்றும் பசுமையான மரமும் ஊசியை உதிர்க்கத்தான் செய்யும். ஒவ்வொரு ஊசிக்கும் ஆயுள் உண்டு. வெள்ளை பைன் இரண்டு, மூன்று வருட ஊசிகளைத்தான் வைத்துக்கொள்ளும். ஸ்ப்ரூஸ் ஐந்து முதல் ஏழு வருடம் வரை வைத்திருக்கும். பிரிஸ்டில்கோன் பைன் என்ற மலை பைன் 30 வருடத்துக்கும் மேலாக ஒரே ஊசியைச் சுமக்கக்கூடியது. இலையுதிர் காலத்தில் மூத்த ஊசிகள் மஞ்சளாகிக் கொட்டும். வெள்ளை பைனில் இது ஒரே வாரத்தில் நடப்பதுபோலத் தெரிவதால் மரமே போய்விட்டதென்று பலர் பதறுகிறார்கள். துஜாவில் தனித்தனி ஊசி இல்லாததால் உள்பக்கத்துக் குட்டிக் கிளைகளே பழுப்பாகி விழும். இது இயற்கை என்பதற்கு அடையாளம், உதிர்வு உள்பக்கத்தில், தண்டை ஒட்டி, மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும். நுனியில் இந்த வருட ஊசி பளபளவென்று இருக்கும். லார்ச், டான் ரெட்வுட், வழுக்கை சைப்ரஸ் என்று சில ஊசியிலை மரங்கள் குளிர்காலத்தில் முழுக்கவே மொட்டையாகிவிடும். செத்த மரம் என்று அவற்றை வெட்டியவர்கள் இருக்கிறார்கள். மரத்தின் பெயர் தெரியாமல் அதற்கு வைத்தியம் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

ஊசியின் வயதைக் கணக்கிடுவது எளிது. ஒரு கிளையின் நுனியைப் பிடித்து, விரலைத் தண்டை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். நுனி மொட்டுக்குக் கீழே கொஞ்ச தூரத்தில், குச்சியைச் சுற்றி மெல்லிய வளையமாக ஒரு தழும்பு தட்டுப்படும். போன வருட மொட்டின் செதில்கள் இருந்த இடம் அது. நுனியிலிருந்து அந்த வளையம் வரை இந்த வருட வளர்ச்சி. அங்கிருந்து அடுத்த வளையம் வரை போன வருடத்தது. வளையத்துக்கு வளையம் குச்சியின் நிறமும் மாறும். இளசு வெளிர் நிறம், உள்ளே போகப் போகச் சாம்பல். ஒவ்வொரு துண்டிலும் ஊசி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ப்ரூஸ் கிளையில் நான்கைந்து துண்டுகளில் அடர்த்தியாக ஊசி இருந்தால் கவலையில்லை. நுனித் துண்டில் மட்டும் ஊசி இருந்து, அதற்கு உள்ளே எல்லாம் மொட்டையாக இருந்தால் அந்த மரம் சில வருடமாகவே இழந்துகொண்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இது தெரியாது, நுனிகளின் பச்சை உள்ளே இருக்கும் வெறுமையை மறைத்துவிடும். அதனால்தான் மரத்தை வீட்டு ஜன்னலிலிருந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், வருடத்துக்கு இரண்டு முறையாவது கிளையை விலக்கி உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

எங்கள் நீல ஸ்ப்ரூஸ் வரிசையில் நடந்தது இதுதான். கீழ்க்கிளைகளில், அதுவும் மரங்கள் ஒன்றையொன்று நெருக்கும் பக்கத்தில், இரண்டாம் வருட ஊசிகள் ஊதா கலந்த பழுப்பாக மாறின. நுனியில் இந்த வருட ஊசி நன்றாகவே இருந்தது. ஒரு ஊசியைப் பறித்துக் கை லென்ஸில் பார்த்தேன். ஸ்ப்ரூஸ் ஊசியின் நீளவாக்கில் வெண்மையான சிறு புள்ளிகள் வரிசையாகப் போகும். மரம் மூச்சுவிடும் துளைகள் அவை. இந்த ஊசியில் அந்த வரிசைகளில் பல இடத்தில் வெள்ளைக்குப் பதில் கரும்புள்ளிகள். ஒவ்வொரு துளையையும் அடைத்துக்கொண்டு ஒரு சின்னக் கறுப்பு முண்டு நின்றது. ரைசோஸ்பேரா என்ற பூஞ்சையின் வித்துப்பைகள் அவை. ஸ்டிக்மினா என்று இன்னொரு பூஞ்சையும் இதே இடத்தில்தான் வரும். அதன் புள்ளிகள் ஓரம் மழுங்கி, பிசிறு பிசிறாகத் தெரியும், ரைசோஸ்பேராவின் புள்ளிகள் வழவழப்பாக உருண்டிருக்கும். விலை குறைந்த பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் போதும், இந்த அளவுக்கு வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

இந்த நோயின் கணக்கு புரிந்தால்தான் மருந்தின் கணக்கு புரியும். இளவேனிலில் மழை ஈரத்தோடு புது ஊசி விரியும்போதே தொற்று ஏறிவிடுகிறது. ஆனால் ஊசி பழுப்பாகி விழுவது அதற்கு ஒரு வருடம் கழித்து. பழுப்பைப் பார்த்த பிறகு கோடையில் மருந்தடிப்பதால் ஒரு பயனும் இல்லை, போன வருடமே முடிந்துபோன கதை அது. புது ஊசி பாதி நீளம் வந்திருக்கும்போது ஒரு தடவை, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு தடவை என்று பூஞ்சைக்கொல்லி அடிக்க வேண்டும். அதையும் ஒரே வருடத்தில் நிறுத்தாமல் குறைந்தது இரண்டு வருடம் தொடர வேண்டும். தாமிரம் சேர்ந்த மருந்துகளும் குளோரோதலோனிலும் இதற்குப் பயன்படுகின்றன. குளோரோதலோனிலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. அதனால் எந்த மருந்தானாலும் உங்கள் ஊரில் அனுமதி இருக்கிறதா, சீட்டில் ஸ்ப்ரூஸ் மரம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள். உயரமான மரத்துக்குக் கைத்தெளிப்பான் எட்டாது. எட்டாத மரத்தின் கீழ்ப்பாதிக்கு மட்டும் அடித்தாலும் ஓரளவு பயன் உண்டு, ஏனென்றால் நோய் கீழேயிருந்துதான் மேலே ஏறுகிறது.

மருந்தைவிடக் காற்றுக்குத்தான் நான் அதிகம் பாடுபட்டேன். மரங்களுக்கு நடுவே முளைத்திருந்த புதர்களை அகற்றினோம். தண்ணீர் தெளிப்பான் கிளைகளை நனைத்துக்கொண்டிருந்ததைத் திருப்பி வைத்தோம். மிக நெருக்கமாக நின்ற ஒரு மரத்தை, ஏற்கெனவே பாதி மொட்டையானதைப் பார்த்து, எடுத்தேவிட்டோம். மீதி மரங்களின் உள்பக்கம் காலைப் பனியிலிருந்து சீக்கிரம் உலர ஆரம்பித்தது. நீல ஸ்ப்ரூஸ் ராக்கி மலைகளின் வறண்ட காற்றில் பிறந்த மரம். ஈரக்காற்று உள்ள இடத்தில், புல்வெளிக்குத் தண்ணீர் பாயும் இடத்தில், நெருக்கி நட்டால் அதற்கு எப்போதும் ஏதாவது ஒரு பூஞ்சை இருந்துகொண்டேதான் இருக்கும்.

ஒரு முக்கியமான விஷயம். மொட்டையான ஊசியிலைக் கிளை மறுபடி தழைக்காது. அகன்ற இலை மரங்களைப் போல வெறும் கட்டையிலிருந்து துளிர்க்கும் சக்தி இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது. யூ மரம் ஒரு விதிவிலக்கு. ஆகவே வைத்தியம் என்பது போனதைத் திரும்பக் கொண்டுவருவது இல்லை, இருப்பதைக் காப்பாற்றுவது மட்டும்தான். துஜா வேலியைப் பழுப்புக் கட்டை தெரியும் அளவுக்கு உள்ளே வெட்டினால் அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும். கவாத்து செய்யும்போது பச்சை இருக்கும் பகுதிக்குள்ளேயே கத்தரியை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஸ்ப்ரூஸில் கீழ்க்கிளை காய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஊசிநோயில் கிளை உள்ளிருந்து மெல்ல மெல்ல மொட்டையாகும். சைட்டோஸ்போரா என்ற பட்டைப் புண்ணில் ஒரு முழுக் கிளையே நுனிவரை காய்ந்துபோகும், பக்கத்துக் கிளை பச்சையாக இருக்கும். காய்ந்த கிளை தண்டோடு சேரும் இடத்தில் தேடினால் வெளிர் நீலம் கலந்த வெள்ளைப் பிசின் வழிந்து உறைந்திருக்கும். கீழ்க்கிளைகளிலும் தண்டிலும் சுண்ணாம்பு தெறித்தாற்போல அது சிதறிக் கிடக்கும். இதற்கு மருந்து எதுவும் கிடையாது. வறட்சியாலோ வேர்க் காயத்தாலோ களைத்துப்போன, வயதான மரத்தில்தான் இது பிடிக்கிறது. காய்ந்த கிளையை எடுப்பதும் கோடையில் ஆழமாகத் தண்ணீர் விடுவதும்தான் நம்மால் ஆனது. வெட்டுவதைக் காய்ந்த வானிலையில் செய்யுங்கள், ஈரத்தில் செய்தால் நம் கத்தரியே நோயைப் பரப்பும். ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் கத்தரியையும் ரம்பத்தையும் 70 சதவீத ஆல்கஹாலில் துடைப்பேன்.

எங்கே வெட்டுவது என்பதையும் சொல்ல வேண்டும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் லேசாகப் புடைத்த கழுத்து ஒன்று இருக்கும். அந்தக் கழுத்துக்கு வெளியே வெட்டினால் மரம் தானாகவே மூடிக்கொள்ளும். தண்டோடு தண்டாக வழித்து வெட்டினாலும், முழ நீளம் கட்டையை விட்டுவைத்தாலும் ஆறாது. வெட்டிய இடத்தில் தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, பூச்சு எதுவும் அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும், மரம் காயத்தைச் சுற்றித் தானே சுவர் எழுப்பிக்கொள்கிறது என்பதையும் காட்டினார். இருந்தும் காயத்தில் பூசும் டப்பாக்கள் இன்றும் விற்கின்றன.

இப்போது சிலந்திப்பேன். சுருக்கமாகச் சிலந்தி என்கிறேன், வலை பின்னும் பெரிய சிலந்தி இல்லை, தூசி அளவே இருக்கும். பூச்சி என்று சொன்னாலும் இது எட்டுக்கால் உயிர். ஊசி பழுப்பாகுமுன் வெளிறிப் புழுதி படிந்த மாதிரி மங்கும், கிட்டத்தில் பார்த்தால் ஊசி முழுக்க ஊசிமுனை அளவு மஞ்சள் புள்ளிகள் இருக்கும். சந்தேகம் வந்தால் வெள்ளைக் காகிதம் ஒன்றைக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையை நாலு தட்டுத் தட்டுங்கள். விழுந்ததையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் பாருங்கள். தூசி என்று நினைத்ததில் சில துகள்கள் நடக்க ஆரம்பிக்கும். மெதுவாக நகர்ந்தால், விரலால் தேய்க்கும்போது பச்சைக் கோடு இழுத்தால், அது ஊசியை உறிஞ்சும் சிலந்தி. விறுவிறுவென்று ஓடுவது அந்தச் சிலந்தியைத் தின்னும் நல்ல சிலந்தியாக இருக்கலாம். ஓடுபவை நிறைய இருந்தால் நான் ஒன்றும் செய்வதில்லை.

ஸ்ப்ரூஸ் சிலந்தி குளிர்ச்சியை விரும்பும் ஜாதி. இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும்தான் பெருகும். ஆனால் அதன் சேதம் கோடை வெயிலில் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் கோடையில் மருந்தடிக்கிறார்கள். அதிலும் கண்ணில் பட்டதையெல்லாம் கொல்லும் பூச்சிக்கொல்லியை அடித்தால் சிலந்தியைத் தின்னும் உயிர்கள் முதலில் செத்து, சிலந்தி இரண்டு மடங்காகப் பெருகும். பைரெத்ராய்டு வகைகளும் இமிடாகுளோபிரிடும் இதற்குப் பேர்போனவை. குழாயில் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சி, கிளையின் அடிப்பக்கத்தை வாரம் ஒரு தடவை கழுவுவது பல நேரம் போதும். தோட்டக்கலை எண்ணெய் அடிக்கலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நீல ஸ்ப்ரூஸின் நீலம் அந்த மெழுகில்தான் இருக்கிறது. எண்ணெய் பட்டால் மெழுகு கரைந்து மரம் வெறும் பச்சையாக நிற்கும், புது ஊசி வரும்வரை அந்த நீலம் திரும்பாது.

பனிக்காலம் முடியும்போது வரும் பழுப்பு தனிக் கதை. வெயிலும் காற்றும் படும் பக்கம் மட்டும் செம்பழுப்பாக, மறுபக்கம் பச்சையாக இருந்தால், அது குளிர்காலக் கருகல். தரை உறைந்து கிடக்கும்போது வேரால் தண்ணீர் எடுக்க முடியாது, ஆனால் வெயில் அடிக்கும் நாளில் ஊசி ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கும். பனி மூடியிருந்த உயரம் வரை பச்சை, அதற்கு மேலே பழுப்பு என்று கோடு கிழித்தது மாதிரி இருந்தால் வேறு சந்தேகமே வேண்டாம். பழுப்பு சாலையைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இருந்தால் பனி உருகத் தூவும் உப்பு காரணமாக இருக்கலாம்.

எல்லையில் இருக்கும் துஜா ஒரு வசந்தத்தில் இப்படித்தான் காய்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "தம்பி, இது முடிஞ்சுது. ஆள் வெச்சு எடுத்திடலாமா?" என்று கேட்டார். "ஒரு மாசம் பொறுங்க அக்கா, மொட்டு என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றேன். குச்சியின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே ஈரப் பச்சை தெரிந்தது. பைன், ஸ்ப்ரூஸாக இருந்தால் மொட்டைக் கிள்ளி நசுக்கிப் பார்க்கலாம், உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஊசி செத்தாலும் மொட்டு பிழைத்திருந்தால் புது வளர்ச்சி பழுப்பை மூடிவிடும். அந்த வேலி பெரும்பாலும் மூடிக்கொண்டது. இரண்டு மரம் மட்டும் வரவில்லை. அவற்றுக்குக் காரணம் குளிர் இல்லை, மண்ணுக்குக் கீழே இருந்தது.

அந்த இரண்டையும் பார்க்க மர வைத்தியம் தெரிந்த ஒருவரை வரச்சொன்னோம். வந்தவர் கிளையை ஏறிட்டே பார்க்கவில்லை. "மேலே அப்புறம் பார்க்கலாம் சார், முதல்ல தூரைப் பார்ப்போம்" என்று சொல்லி மண்டியிட்டு உட்கார்ந்து, கையால் மண்ணை விலக்க ஆரம்பித்தார். நல்ல மரத்தின் அடி தரையைத் தொடும் இடத்தில் விரிந்து வேராகப் பிரியும். இவற்றின் தண்டோ கம்பம் நட்டது போல நேராக மண்ணுக்குள் இறங்கியது. நான்கு விரல்கடை தோண்டிய பிறகுதான் முதல் வேர் தட்டுப்பட்டது. அந்த வேரும் வெளியே போகாமல் தண்டையே சுற்றி இறுக்கியிருந்தது. நாற்றங்கால் தொட்டியில் சுற்றி வளர்ந்த வேர், அவிழ்க்காமலேயே குழிக்குள் போயிருக்கிறது. அதன் மேல் கட்டிய செயற்கைக் கயிறும் மக்காமல் அப்படியே இருந்தது. மேலே வருடாவருடம் குவித்த மரச்சில்லு மூடாக்கு பட்டையை ஈரமாகவே வைத்திருந்தது. பட்டை கறுத்து, கத்தி நுனி பட்டதும் நெகிழ்ந்தது. மரம் பல வருடம் பச்சையாகவே நின்றதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்று முதல் என் கொல்லையில் எந்த மரத்தைப் பார்த்தாலும் தூரிலிருந்துதான் தொடங்குகிறேன். மூடாக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் போதும், தண்டிலிருந்து ஒரு கை தள்ளியே இருக்க வேண்டும். தண்டைச் சுற்றிக் கோபுரமாகக் குவிப்பது எங்கே பார்த்தாலும் எனக்கு மனசு பதறும். சுற்றும் வேர் மெல்லியதாக இருக்கும்போதே வெட்டிவிடலாம். தடித்துத் தண்டுக்குள் புதைந்த பிறகு அதை எடுப்பது அனுபவப்பட்ட ஆளின் வேலை. தண்டு விரிந்து வேராகப் பிரியும் இடமான வேர்க்கழுத்து மண்ணில் புதைந்த இளமரத்தைச் சுற்றி மண்ணை இறக்கி, கழுத்து வெளியே தெரியும்படி செய்தால் பிழைக்க வாய்ப்புண்டு.

களிமண் நிலம் என்றால் வடிகாலையும் சோதித்துக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீரை நிரப்புங்கள். முதலில் விட்டது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். அடுத்த நாளும் அதில் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் பைட்டாப்தோரா என்ற கிருமியால் வரும் வேரழுகல் காத்திருக்கிறது என்று அர்த்தம். ஈரத்தில் அழுகும் வேரும் வறட்சியில் காயும் வேரும் மேலே காட்டும் அறிகுறி ஒன்றேதான். மரம் வாடுகிறதே என்று மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவதற்குமுன் விரலை மண்ணுக்குள் ஒரு சாண் இறக்கிப் பாருங்கள்.

பைன் மரங்களைப் பற்றிக் கொஞ்சம். நுனியில் புதிதாக வந்த தளிர் குட்டையாகவே நின்று, பழுப்பாகி, பிசின் ஒட்டிக்கொண்டு காய்ந்தால் அது டிப்ளோடியா நுனிக்கருகல் என்ற பூஞ்சை நோய். கீழே விழுந்த இரண்டு வருடக் காய் ஒன்றை எடுத்து அதன் செதில்களைப் பாருங்கள். மிளகுத்தூள் அளவில் கரும்புள்ளிகள் அடர்ந்திருந்தால் உறுதி. காய்க்கத் தொடங்கிய வயதுவந்த மரங்களையே இது அதிகம் பிடிக்கிறது. ஆஸ்திரிய பைனுக்கு இது பெரிய எதிரி. இதற்கும் மருந்து வசந்தத்தில் மொட்டு விரியும் நேரத்தில்தான். ஊசியில் சிவப்புப் பட்டை விழுந்து, அடி பச்சையாகவும் நுனி மட்டும் செத்தும் இருந்தால் அது டோத்திஸ்ட்ரோமா என்ற இன்னொரு பூஞ்சை நோய்.

இவற்றைவிட நான் அஞ்சுவது பைன் வாடல் நோய்க்குத்தான். கோடை பாதி கடந்த பிறகு முழு மரமும் சாம்பல் பச்சையாக மங்கி, சில வாரங்களில் பழுப்பாகி, ஊசி உதிராமல் அப்படியே செத்து நிற்கும். கிளையை வெட்டினால் பிசின் ஊறாது. மரத்தின் நீர்க்குழாய்களுக்குள் பெருகும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு ஒன்று இதற்குக் காரணம் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1971-ல் நிறுவினார்கள். வட அமெரிக்காவிலிருந்து போன அந்தப் புழு ஜப்பானின் பைன் காடுகளையே அழித்தது. ஸ்காட்ஸ் பைன் இதற்கு எளிதில் இரையாகும். நீண்ட கொம்புள்ள வண்டுகள் இதைச் செத்த மரத்திலிருந்து நல்ல மரத்துக்குச் சுமந்து போகின்றன. ஆகவே செத்த மரத்தை அடுத்த வசந்தத்தில் வண்டு வெளிவருமுன் வெட்டி, எரிக்கவோ சிறு சில்லுகளாக அரைக்கவோ வேண்டும். விறகாக அடுக்கி வைக்கக் கூடாது. பக்கத்தில் இன்னும் பைன் மரங்கள் இருந்தால் இதில் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட மாட்டேன்.

புழுக்களில் பை கட்டி வாழும் பேக்வார்ம் மோசமானது. துஜாவில் பழுப்புக் காய் மாதிரி தொங்கும் சிறு பைகளை உற்றுப் பாருங்கள், ஊசித் துண்டுகளை ஒட்டிக் கட்டிய பை அது. குளிர்காலத்தில் ஒரு பெண் பைக்குள் 500 முதல் 1000 முட்டைகள் வரை இருக்கும். வசந்தம் முடிவதற்குள் கையால் எடுத்து அழித்துவிட்டால் அந்த வருடத் தொல்லை பெருமளவு தீர்ந்தது. பிடித்து இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள், குச்சியைச் சுற்றி அது கட்டிய பட்டுநூல் இறுகிக் குச்சியைக் கொன்றுவிடும். புழு சிறிதாக இருக்கும்போது பிடி (Bt, பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) என்ற பாக்டீரியா மருந்து கேட்கும், பெரிதானால் கேட்காது. பைன் ஊசிகளைக் கூட்டமாகத் தின்னும் ரம்பக்குளவிப் புழுவுக்கோ பிடி எந்த வயதிலும் வேலை செய்யாது. அது வண்ணத்துப்பூச்சி இனமே இல்லை. தொட்டால் கூட்டமாகத் தலையைத் தூக்கி உதறும், வயிற்றில் ஆறு ஜோடிக்கும் மேல் பொய்க்கால் இருக்கும். கையுறை போட்டுக் கிளையோடு உதிர்த்து, சோப்புத் தண்ணீரில் தட்டிவிடலாம். உச்சிக் குருத்து மட்டும் கொக்கியாக வளைந்து காய்ந்தால் உள்ளே கூன்வண்டின் புழு இருக்கிறது. வண்டாகி வெளியேறுமுன், கோடை நடுவிலேயே, நல்ல கட்டை தெரியும்வரை வெட்டி அகற்றி, பக்கக் கிளை ஒன்றை நிமிர்த்திக் கட்டினால் அதுவே புதிய உச்சியாகிவிடும்.

புல்வெளிக்கு அடிக்கும் களைக்கொல்லியை யாரும் சந்தேகப்படுவதில்லை. மரத்தின் வேர் கிளை நிழலைத் தாண்டி வெகுதூரம் ஓடுகிறது, பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருக்கிறது. டைகாம்பா போன்றவை வேர்வழியாகவும் ஏறும். புதுத் தளிர்கள் மட்டும் முறுக்கிக்கொண்டு வளைந்து பழுப்பானால், கடந்த சில வாரங்களில் புல்லுக்கு என்ன போட்டோம் என்று யோசியுங்கள். 2011-ல் அமெரிக்காவில் அமினோசைக்ளோபைராக்ளோர் கலந்த புல்வெளி மருந்து ஒன்று, நார்வே ஸ்ப்ரூஸ்களையும் வெள்ளை பைன்களையும் ஏராளமாகக் கொன்ற பிறகே விற்பனை நிறுத்தப்பட்டது. களையையும் கொல்லும், புல்லுக்கும் உரமாகும் என்று விற்கும் கலவை உரத்திலும் களைக்கொல்லி இருக்கும், மூட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவீனமான மரத்துக்கு உரம் வேண்டாம் என்பதும் என் கருத்து. வேர் தாங்காத வளர்ச்சியை அது தூண்டுகிறது. முதலில் மண்ணைச் சோதித்துப் பாருங்கள், குறை இருந்தால் அதை மட்டும் கொடுங்கள்.

நீங்களாகத் தீர்மானிக்க முடியாவிட்டால் பயிர் நோய்களைக் கண்டறியும் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். முழுக்கக் காய்ந்த குச்சியில் அவர்களால் எதையும் சொல்ல முடியாது, அதில் பிணம் தின்னும் பூஞ்சைகள்தான் இருக்கும். பச்சையும் பழுப்பும் சேரும் எல்லை உள்ள கிளையாக, ஒரு முழ நீளத்துக்கு, காகிதத்தில் சுற்றி அனுப்ப வேண்டும். கூடவே மரம் முழுவதும் தெரியும் படம், தூர்ப் படம், பழுப்பு எந்தப் பக்கம், எந்த மாதம் என்ற குறிப்பு. முதலில் சொன்ன நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி வைத்திருந்தால் அதையே அனுப்பலாம்.

எப்போது மரத்தை எடுப்பது? பாதிக்கு மேல் மொட்டையான ஸ்ப்ரூஸை நான் வைத்துக்கொள்வதில்லை. தூரில் காளான் முளைத்தால், மரம் திடீரென்று சாய்ந்து ஒரு பக்கத்து மண் மேலெழும்பினால், அன்றே ஆளை அழைக்க வேண்டும், வீட்டை நோக்கி நிற்கும் மரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஊசியிலை மரத்தின் கனம் முழுக்க உச்சிக் காற்றில் ஆடுகிறது. ஏணி வைத்து நாமே ரம்பம் எடுக்கும் வேலை இல்லை இது.

எடுத்த இடத்தில் நாங்கள் அதே மரத்தைத் திரும்ப வைக்கவில்லை. ஒரே ஜாதியில் வரிசை போட்டால் ஒரு நோய் வரிசையையே கொண்டுபோகும். இப்போது இடைவெளியில் வெவ்வேறு ஜாதிகள் நிற்கின்றன, முழு அகலத்துக்கு வளர்ந்தாலும் இடிக்காத தூரத்தில். தொட்டியிலிருந்து எடுத்த வேர்ப்பந்தின் ஓரத்தைச் சீவி, சுற்றிய வேர்களை விரித்து, வேர்க்கழுத்து தரைக்கு ஒரு விரல் மேலே இருக்கும்படி நட்டோம். முதல் இரண்டு மூன்று கோடைகளுக்கு வாரம் ஒரு தடவை ஆழமாக ஊறும்படி தண்ணீர், அப்புறம் தரை உறைவதற்குமுன் கடைசியாக ஒரு தடவை நிறைய.